கல்லேடு படித்தவர்: பீர்பால் சாகனி

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். தேவாரம் பாடிய மூவரும் இவ்வூரை அப்பெயராலேயே அறிந்திருந்தனர். பழமலை என்பதும் இதன் மற்றொரு பெயர். வடமொழிப் பெயராக மாறியபோதும் பொருள் மாறவில்லை. முதிய மலை என்பதே மூன்றின் பொருளும். பெயரில் நிற்கும் அம்மலை கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவது மண். அகல் விளக்காகவும் பொம்மையாகவும் மின்காப்புப் பீங்கானாகவும் உருமாறிச் சூளையில் வெந்து வெளிவரும் மண். பீங்கான் நகரம் என்று இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த மண்ணே.

ஆயினும் முதுமை இவ்வட்டாரத்தில் பெயரளவில் நின்றுவிடவில்லை. கடலூர் மாவட்டத்தின் செம்மண் மேடுகளுக்கு அடியில் கிடக்கும் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்பது நிலவியலார் இட்ட பெயர். கிழக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகக் கிடப்பது ஒரு பழங்காட்டின் உடல். தென்மேற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலடி. அங்கே சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடப்பதை 1940இல் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் எடுத்துரைத்தார். வடகிழக்கே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் நூற்றுக்கணக்கான கல்மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. வக்கிரகாளி கோயில் கொண்ட அவ்வூரில், அவை மாண்ட அரக்கனின் எலும்புகள் என்று கதை வழங்குவதுண்டு.

எலும்பு என்று கண்ட ஊரார் ஒன்றைச் சரியாகவே உணர்ந்திருந்தனர்: அவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. அவ்வுயிர் எது, அது எந்த வெயிலிலும் மழையிலும் நின்றது என்று கேட்டுக் கல்லிடமிருந்தே விடை பெறும் கலைக்குத் தொல்தாவரவியல் என்று பெயர். அதனை இந்தியாவில் ஒரு தனித்துறையாக நிலைநாட்டியவர் பீர்பால் சாகனி. திருவக்கரைக் கல்மரம் ஒன்றுக்கு இன்றும் அறிவியல் நூல்களில் வழங்கும் பெயரிலும் அவர் கைப்பட்டிருக்கிறது. அவர் வாழ்க்கை, சான்று என்பது யாது, அதை எவ்வளவு நம்பலாம் என்னும் ஒரே வினாவைச் சுற்றிச் சுழன்ற வாழ்க்கை.

தந்தையும் மலையும்

இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் சிற்றூரில் 1891 நவம்பர் 14 அன்று சாகனி பிறந்தார். தந்தை ருசிராம் சாகனி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அறிவியலைப் பொதுமக்களுக்கு அவர்கள் தாய்மொழியாகிய பஞ்சாபியிலேயே சொற்பொழிவாகச் சொல்லி வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது அரிய முயற்சி. விடுமுறை வந்தால் மக்களை அழைத்துக்கொண்டு இமயமலைப் பாதைகளில் நடப்பது அவர் வழக்கம். செடியைப் பறித்துப் பார்ப்பதும் பாறையைத் தட்டிப் பார்ப்பதும் சாகனிக்கு அந்த நடையிலேயே பழகிப் போயின.

லாகூரில் தாவரவியல் கற்பித்தவர் சிவராம் காசியப். அவர்தம் ஆர்வம் மாணவரைப் பற்றிக்கொண்டது. 1911இல் பட்டம் பெற்றதும் மகன் ஆட்சிப்பணித் தேர்வு எழுத வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அந்நாளில் அறிவுடைய இளைஞர்க்கு அதைவிட உயர்ந்த வழி இல்லை எனக் கருதப்பட்டது. தந்தை ஆணையிட்டால் அவ்வழியே செல்வதாகவும், தம் விருப்பத்தைக் கேட்டால் தாவர ஆராய்ச்சியன்றி வேறொன்றும் வேண்டாம் என்றும் மகன் தெரிவித்தார். தந்தை ஆணையிடவில்லை. அவ்வாண்டே சாகனி கேம்பிரிட்ஜ் சென்று இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஏ. சி. சீவர்டு, அக்காலத் தொல்தாவரவியலில் முதன்மை வாய்ந்தவர். 1912இல் தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் பனியில் உயிர் நீத்த ஸ்காட் குழுவினர், தம் உயிரே தளர்ந்த வேளையிலும் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்களை எறியாமல் இழுத்து வந்திருந்தனர். அக்கற்களில் இலைப் பதிவுகள் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 1914இல் வெளியிட்டவர் சீவர்டு. நாக்கு வடிவம் கொண்ட அந்த இலை குளோசாப்டெரிஸ் என்னும் மரத்தினுடையது. அதே இலை இந்திய நிலக்கரிச் சுரங்கங்களிலும் கிடைத்து வந்தது. பனிமூடிய கண்டத்தில் ஒரு காலத்தில் காடு இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆசிரியர் மேசைமீது அந்தக் கற்கள் இருந்த ஆண்டுகளில்தான் சாகனி அங்கே மாணவராக இருந்தார்.

அயல் மகரந்தம்

சாகனியின் தொடக்கக் கால ஆய்வுரைகளுள் ஒன்று 1915இல் வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட சிறு கட்டுரை. அதன் பொருள் ஜிங்கோ மரம். தொல்லூழியிலிருந்து உருமாறாமல் எஞ்சிய மரம் அது. அதன் சூலுக்குள் காற்றில் வந்து விழும் மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளச் சிறு அறை ஒன்று உண்டு. அந்த அறையில் ஜிங்கோவினுடையதல்லாத வேற்றுச் செடியின் மகரந்தத் துகள்கள் இருப்பதைச் சாகனி கண்டார்.

பார்வைக்கு இது சிறு செய்தி. விளைவில் பெரிது. கல்லாகிப்போன பழங்காலச் செடிகளில் இலை ஓரிடத்தும் விதை ஓரிடத்தும் மகரந்தப் பை மற்றோரிடத்தும் சிதறிக் கிடக்கும். எது எதனுடையது என்று கூறுவது கடினம். கல்விதையின் அறைக்குள் ஒரு மகரந்தத்தைக் கண்டால், அம்மகரந்தத்தைத் தந்த செடியும் இவ்விதையைத் தந்த செடியும் ஒன்றே என்று அறிஞர் முடிவு கட்டுவர். உயிருள்ள மரத்திலேயே அயலார் மகரந்தம் உள்ளே வந்து அமருமாயின் அம்முடிவு எவ்வளவு உறுதியானது? உள்ளே இருப்பதனாலேயே ஒன்று உரியது ஆகிவிடாது என்பதே அக்கட்டுரை விடுத்த எச்சரிக்கை.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்க்கு இந்த இடர் புதிதன்று. ஒரு நூலின் ஏட்டுக்குள் இருப்பதனாலேயே ஒரு செய்யுள் அந்நூலாசிரியருடையது ஆகிவிடாது. யாரோ எழுதிச் சேர்த்த இடைச்செருகலாகவும் இருக்கலாம். உ. வே. சாமிநாதையர் சென்னையில் சுவடிகளை ஒப்புநோக்கிக் கொண்டிருந்த அதே காலத்தில், கேம்பிரிட்ஜில் ஓர் இளைஞர் கல்லேட்டின் இடைச்செருகலைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு வயதுக்குள் தாம் எழுதிய அந்த எச்சரிக்கை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம்மையே தேடி வரும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

இலக்னோவின் பட்டறை

1919இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் அளித்தது. அவ்வாண்டே தாயகம் திரும்பிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மறு ஆண்டு சாவித்திரி சூரி அவருடைய வாழ்க்கைத்துணை ஆனார். லாகூரில் ஓராண்டு பணியாற்றியபின், 1921இல் புதிதாகத் தோன்றிய இலக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். வாழ்நாளின் எஞ்சிய பகுதி அங்கேயே கழிந்தது. விடுதலை இயக்கம் வலுத்த அந்நாளில் மேனாட்டுடையை விடுத்துக் கதர் உடுத்தத் தொடங்கினார்.

கல்மரத்தைப் படிப்பதற்கு முதலில் அதை ஏடாக்க வேண்டும். மரம் மண்ணில் புதையுண்டபின், சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் அதன் திசுக்களுக்குள் ஊறும். அழுகிப் போவதற்கு முன் அறைதோறும் அந்தச் சிலிக்கா படிந்து இறுகும். மரம் போகும், மரத்தின் அமைப்பு நிற்கும். அக்கல்லை வைரத்தூள் பதித்த வட்டவாளால் மெல்லிய பலகையாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெலிதாக்கினால் நுண்ணோக்கியின் கீழ் நாளங்களும் கதிர்களும் வளையங்களும் நேற்று வெட்டிய மரத்தில் போல் தெரியும். ஒரு நொடி மிகையாகத் தேய்த்தால் அனைத்தும் துகளாகிவிடும். இந்த வேலையைப் பணியாளரிடம் விடாமல் சாகனி தாமே செய்தார். கல் அறுக்கத் தெரியாதவர் கல் படிக்க முடியாது என்பது அவர் மாணவர்க்குக் கற்பித்த நடைமுறை.

1920இல் சீவர்டும் சாகனியும் சேர்ந்து, இந்தியக் கோண்டுவானாத் தாவரங்களை மறுஆய்வு செய்த நூலை வெளியிட்டிருந்தனர். முந்தைய தலைமுறையில் ஐரோப்பிய அறிஞர்கள் பெயரிட்டுச் சென்றவற்றை மீண்டும் எடுத்துச் சரிபார்க்கும் பணி அது. அப்பணியைச் சாகனி தனியே தொடர்ந்தார். 1931இல் அவர் வெளியிட்ட இரண்டாம் பகுதி கல்லாகிய ஊசியிலை வகுப்பு மரங்களைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் பெயரிட்ட திருவக்கரைக் கல்மரம் அதில் இடம்பெற்றது. அதன் திசு அமைப்பை நோக்கிய சாகனி, அதனை மெசெம்பிரியாக்சிலான் என்னும் பேரினத்தில் சேர்த்தார். போடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சார்ந்த மரம் அது. இன்று தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை வகுப்பு மரம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரம் மிக்க உயர்காடுகளில் ஒதுங்கி வாழ்கிறது. அதுவும் போடோகார்ப்பஸ் குடும்பத்ததே. வெயில் காயும் தென்னார்க்காட்டுச் சமவெளியின் கல்லுக்குள் அதன் உறவு கிடைத்தது என்பது இந்நிலம் கண்ட மாற்றத்துக்கு ஒரு குறிப்பு.

ஐந்து துண்டும் ஒரு செடியும்

இன்றைய சார்க்கண்டு மாநிலத்து இராஜ்மகால் குன்றுகள் சாகனியின் நெஞ்சுக்கு நெருக்கமான இடம். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய அக்குன்றுகளில், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையே தோன்றிய ஏரிப் படுகைகளில் செடிகள் கல்லாகிக் கிடந்தன. 1932இல் அங்கிருந்து கிடைத்த வில்லியம்சோனியா என்னும் செடி வகையை முழுவுருவில் மீட்டமைத்து, தம் ஆசிரியர் சீவர்டின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அதனினும் பெரிய கண்டுபிடிப்பு நிபானியா என்னும் ஊரின் கற்களிலிருந்து வந்தது. தண்டு ஒரு கல்லில், இலை ஒரு கல்லில், விதை தாங்கிய கூம்பு மற்றொரு கல்லில் என்று தனித்தனியே கிடைத்தவை. தனித்தனிச் செடிகள் என்றே அவற்றுக்குப் பெயரும் இடப்பட்டிருந்தது. தண்டை அறுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மரத்தூண் இருப்பதற்கு மாறாகப் பெரும்பாலும் ஐந்து தூண்கள் வட்டமாக நின்றன. திசுக்களின் ஒப்புமையை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து, இவை யாவும் ஒரே செடியின் உறுப்புகள் என்று 1948இல் சாகனி காட்டினார். ஊசியிலை மரம், சைக்கஸ், பென்னெட்டைட்டு ஆகிய எதனுள்ளும் முழுமையாக அடங்காத, உலகம் அதுவரை அறியாத ஒரு தனிக்குலம் அது. பென்டாக்சிலே என்று அதற்குப் பெயரிட்டார். பின்னர் அதன் ஆண்மலர் கிடைத்தபோது, அவர் மறைவுக்குப் பின், சாகனியா என்ற பெயர் அதற்கு இடப்பட்டது.

உரியவற்றை உரியவற்றோடு சேர்ப்பதில் அவர் எவ்வளவு தயங்கினாரோ, சேர்த்தபின் அவ்வளவு உறுதியோடு நின்றார். 1915இன் எச்சரிக்கை இங்கே அவருக்குத் துணைநின்றது.

மரம் சொன்ன வானிலை

இறந்த மரம் எப்படி வானிலை சொல்லும்? பருவம் மாறும் நாட்டில் மரம் ஒரு காலத்தில் விரைந்தும் ஒரு காலத்தில் தளர்ந்தும் வளர்வதால் அடிமரத்தில் வளையம் தெளிவாக விழும். ஆண்டு முழுதும் ஒரே வெப்பமும் ஈரமும் உள்ள காட்டில் அவ்வளையம் மங்கும்; அல்லது இராது. இலையின் அளவு, விளிம்பு, தோலின் தடிப்பு ஆகியன நீரின் மிகுதியையும் குறைவையும் காட்டும். செடியின் இன்றைய உறவினர் எங்கு வாழ்கின்றனர் என்பது மற்றொரு சான்று. இவற்றுள் ஒன்று மட்டும் போதாது. பல சான்று ஒரே திசையைக் காட்டும்போதுதான் நீதி வழங்கலாம்.

நடு இந்தியாவில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிந்துவாரா மாவட்டத்துக் கற்களில் பனை இனங்களும் நீர்ப் பெரணிகளும் கிடைத்தன. அவற்றோடு நைப்பா என்னும் பனையின் கனியும் கிடைத்தது. நைப்பா இன்று கடலும் ஆறும் கலக்கும் சேற்று முகங்களில் மட்டுமே வளர்வது, சுந்தரவனத்தில் காணப்படுவது. ஆகவே தக்காணத்தின் எரிமலைகள் குமுறிய காலத்தில் கடலின் கை ஒன்று நாட்டின் நடுவரை நீண்டிருக்க வேண்டும். 1940இல் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குச் சாகனி தலைவர். அவர் தலைமையுரைக்குத் தேர்ந்த பொருளே அந்தத் தக்காண எரிமலைப் பாறைகள்தாம். அவை ஈயோசீன் காலத்தின் தொடக்கத்தன என்று அவர் தாவரச் சான்றால் வாதிட்டார். பாறையின் கதிரியக்கத்தை அளந்து இன்று கூறப்படும் அகவை அதனினும் சற்று முந்தியது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு. காலக்கணக்கு சிறிது மாறியது. கடல் அருகிருந்தது என்னும் சான்று நின்றது.

காசுமீரப் பள்ளத்தாக்கில் காரேவா எனப்படும் ஏரிப் படிவுகள் பீர்பஞ்சால் மலைச்சரிவில் மிக உயரத்தில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றில், அவ்வளவு குளிர்ந்த உயரத்தில் இன்று வளர இயலாத தாழ்நில மரங்களின் இலைகள் பதிந்திருந்தன. இலைகள் மலையேறியிருக்க முடியாது. மலையே இலைகளைச் சுமந்துகொண்டு எழுந்திருக்க வேண்டும். மாந்தன் தோன்றிய பின்னும் இமயம் உயர்ந்துகொண்டிருந்தது என்று 1936இல் அவர் எழுதினார்.

அதே ஆண்டு கண்டப் பெயர்ச்சிக் கொள்கையைத் தாவரச் சான்றால் ஆராய்ந்த கட்டுரையும் வெளிவந்தது. கண்டங்கள் நகர்ந்தன என்ற வெகனரின் கருத்தை நிலவியலாருள் பலர் நகைத்து ஒதுக்கிய காலம் அது. குளோசாப்டெரிஸ் காடு நின்ற நிலமும் அதற்கு முற்றிலும் வேறான கிழக்காசியக் காடு நின்ற நிலமும் இன்று அருகருகே இருப்பது எப்படி என்ற வினாவைச் சாகனி எழுப்பினார். அன்றும் அருகிலிருந்திருந்தால் காடுகள் கலந்திருக்கும். இடையே அகன்ற கடல் இருந்து, பின்னர் நிலங்கள் நெருங்கியிருத்தல் வேண்டும். அவர் மறைந்து ஏறத்தாழ இருபதாண்டுக்குப்பின் உலகம் அக்கொள்கையை ஏற்றது. அவ்வாண்டே இலண்டன் அரசு கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

சுட்ட மண்ணின் காசு

பீங்கான் நகரத்தார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று அவர் வாழ்வில் உண்டு. ஓய்வு நேரத்தில் களிமண்ணால் உருவங்கள் பிடிப்பது அவர் பொழுதுபோக்கு. இசையிலும் ஈடுபாடு உண்டு. 1936இல் ரோத்தக் நகருக்கு அருகே கோக்ராகோட் என்னும் மேட்டில் சுட்ட களிமண் துண்டுகள் சில அவர் கண்ணில் பட்டன. கல்லில் இலைத் தடம் தேடிப் பழகிய கண், அத்துண்டுகளில் காசின் தடத்தைக் கண்டுகொண்டது. அவை யௌதேயர் என்னும் பழங்குலத்தார் காசு வார்த்த அச்சுகள். ஆயிரக்கணக்கில் கிடைத்த உடைசல்களை ஆராய்ந்து, உருக்கிய உலோகம் எந்த வாயில் வழியே புகுந்து எந்தத் தட்டில் படிந்தது என்று அவர் விளக்கிய நூல் 1945இல் வெளிவந்தது. இந்திய நாணயவியல் கழகம் அதற்குப் பதக்கம் அளித்தது. காசு கையைவிட்டுப் போனாலும் அதைப் பெற்ற மண் நின்றது. மரம் போய் அதன் அச்சு நின்றதைப் படித்தவர்க்கு இது வேறு பாடமன்று.

உப்புக்குள் ஒரு நார்

வாழ்வின் இறுதிப் பத்தாண்டில் அவர் ஈடுபட்ட பெருவழக்கு பஞ்சாபின் உப்புமலை பற்றியது. அங்கே உப்பும் களியும் சுண்ணச்சேர்மமும் கலந்த தடித்த படிவு, மலையின் அடிப்பகுதியில் கிடக்கிறது. அதன்மேல் இருப்பதோ ஐம்பது கோடி ஆண்டுப் பழமையுள்ள கேம்பிரியன் பாறை. கீழிருப்பது மேலிருப்பதினும் பழையது என்பது நிலவியலின் முதல் விதி. ஆனால் நிலம் முறிந்து ஒன்றன்மேல் ஒன்று தள்ளப்பட்டால் விதி தலைகீழாகும். பழையது இளையதன்மேல் ஏறி அமரும். இங்கே நடந்தது எது என்பதில் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர்.

சாகனி அவ்வுப்பையே சான்று கூற அழைத்தார். அவரும் அவர் மாணவரும் உப்புக்கட்டிகளை நீரில் கரைத்து வடித்தனர். எஞ்சிய வண்டலில் மரநார்த் துண்டுகள், இலைத்தோலின் சிதைவுகள், பூச்சிகளின் உறுப்புகள் நுண்ணோக்கியில் தெரிந்தன. கேம்பிரியன் காலத்தில் நிலத்தில் மரமே இல்லை. ஒரேயொரு மரநார் உண்மையாக அவ்வுப்புக்கு உரியதாயின் வழக்கு முடிந்தது, உப்பு இளையது, ஈயோசீன் காலத்தது. வெளியிலிருந்து தூசு கலவாதபடி மேற்பரப்பைச் செதுக்கி நீக்கி, பாறையின் பல வகைகளில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தும் அதே முடிவு வந்தது.

களத்தில் பாறையடுக்கை அளந்த நிலவியலார் இணங்கவில்லை. இ. ஆர். ஜீ அவர்களுள் முதன்மையானவர். அடுக்குகளின் தொடர்ச்சி முறிவைக் காட்டவில்லை. நீரில் கரையும் உப்பு, பிளவுகளின் வழியே கசியும் நீரில் அயற்பொருளை எளிதில் உட்கொள்ளும் என்பது அத்தரப்பின் வாதம். 1944, 1945 ஆகிய ஆண்டுகளில் இப்பொருள் பற்றியே ஆய்வரங்குகள் கூடின. எதிர்த்தரப்பாரின் கட்டுரைகளும் சாகனியின் கட்டுரைகளோடு ஒரே தொகுதியில் அச்சேறின.

அவர் காலத்தில் தீர்ப்பு வரவில்லை. பின்னர் எண்ணெய் தேடித் துளைத்த ஆழ்துளைகளும் நில ஆய்வுகளும் களத்தாரின் பக்கமே நின்றன. அவ்வுப்பு கேம்பிரியன் தொடக்கத்தையோ அதற்கும் முந்திய காலத்தையோ சார்ந்தது என்பதே இன்று ஏற்கப்பட்ட முடிவு. மரநார்கள் உண்மை, அவை அவ்வுப்புக்கு உரியவை அல்ல. ஜிங்கோவின் சூலறையில் வந்தமர்ந்த அயல் மகரந்தம் போல, உப்பின் அறையிலும் அயலார் வந்து அமர்ந்திருந்தனர்.

இளமையில் பிறர்க்கு விடுத்த எச்சரிக்கையை முதுமையில் தாமே மறந்தார் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அது முழு உண்மையன்று. அவர் எச்சரிக்கையை மறந்தவர் அல்லர். தூசு புகாமல் காக்கத் தம்மால் இயன்றதைச் செய்தவர். ஆயினும் நுண்ணோக்கியின் சான்றைக் களத்தின் சான்றுக்கு மேலாக நிறுத்தினார். சான்றைத் தாம் கண்ட முறையையும் கண்ட பொருளையும் மறைக்காமல் எதிர்த்தரப்பார் முன்னர் வைத்தார். அவரைத் திருத்துதல் பின்வந்தார்க்கு இயன்றது அதனாலேயே. தவறாத அறிஞர் எவருமிலர். தவறினால் கண்டுபிடிக்கத் தக்க வழியைத் தாமே திறந்து வைத்துப் போகின்றவர் சிலரே.

அடிக்கல்

நாடு விடுதலை பெற்றபோது கல்வித்துறைச் செயலர் பதவி அவரை நாடி வந்தது. அதை ஏற்கவில்லை. அவருடைய எண்ணமெல்லாம் தொல்தாவர ஆய்வுக்கென்று தனி நிறுவனம் ஒன்றை எழுப்புவதில் இருந்தது. 1946இல் தொல்தாவரவியல் கழகம் தோன்றியது. தம் வாழ்நாளில் சேர்த்த கற்கள், நூல்கள், செல்வம் ஆகியவற்றைச் சாகனியும் சாவித்திரியும் அந்நிறுவனத்துக்கே ஈந்தனர்.

1949 ஏப்ரல் 3 அன்று இலக்னோவில் பிரதமர் ஜவகர்லால் நேரு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல் குவாரியில் வெட்டிய கல்லன்று. உலகின் பல பகுதிகளிலிருந்தும் பல ஊழிகளிலிருந்தும் வந்த புதைபடிவங்களைச் சிமிட்டியில் பதித்துச் சாகனி தாமே உருவாக்கிய கல். ஒரு வாரம் கழிவதற்குள், ஏப்ரல் 10 அன்று, இதயநோயால் அவர் உயிர் பிரிந்தது. அகவை ஐம்பத்தேழு. மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த உலகத் தாவரவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

நிறுவனத்தைப் பேணி வளர்க்கும்படி இறுதி வேளையில் அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டார் என்பர். அறிவியல் பட்டம் ஏதும் பெறாத சாவித்திரி அம்மையார் அப்பொறுப்பைத் தோளில் தாங்கினார். அரசின் கதவுகளைத் தட்டி, வெளிநாட்டு அறிஞரை அழைத்து, கட்டடத்தை எழுப்பி முடித்தார். 1953இல் நேருவே வந்து திறந்து வைத்தார். கணவர் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம் உலகில் இத்துறைக்கெனவே அமைந்த அரிய நிலையங்களுள் ஒன்று. 2015இல் தொல்லறிவியல் நிறுவனம் எனப் பெயரும் பணியும் விரிந்தன. 1969இல் அம்மையாருக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது.

தென்னார்க்காட்டுக் கற்களையும் அப்பணி மறக்கவில்லை. சி. ஜி. கே. இராமானுஜம் முதலியோர் 1950களிலிருந்து கடலூர் மணற்கல்லின் மரங்களை அறுத்துப் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தனர். சால் மரத்தின் உறவினரும் மருத மரத்தின் உறவினரும் அவற்றுள் இருந்தனர். நெய்வேலி நிலக்கரியைக் கரைத்து அதில் ஒளிந்திருந்த மகரந்தத்தையும் அறிஞர் வாசித்தனர். அக்குடும்பங்களுள் பல இன்று வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் கடல் கடந்த மலேயாக் காடுகளிலும். திருவக்கரை மரங்களுக்கு வேரும் கிளையும் பட்டையும் இல்லை. அவை வெள்ளத்தில் உருண்டு வந்தவை. ஆகவே அவை நின்ற இடம் இதுதான் என்று துணிந்து கூறாமல், இங்கே வந்து சேர்ந்தவை என்று மட்டுமே ஆய்வாளர் கூறுகின்றனர். சாகனி கற்பித்த அடக்கம் அது.

இலக்னோவில் அந்த அடிக்கல் இன்றும் இருக்கிறது. வெவ்வேறு நிலமும் வெவ்வேறு காலமும் ஒரே பாளத்தில் உறைந்துள்ளன. கோடியாண்டு கழித்து யாரேனும் அதை மண்ணிலிருந்து எடுத்தால், இவையெல்லாம் ஒரே காட்டில் வாழ்ந்தவை என்று எண்ணக் கூடும். அவ்வாறு எண்ணுமுன் ஒருமுறை தயங்கவேண்டும் என்பதைத்தான் அதைச் செய்தவர் 1915இலேயே எழுதி வைத்தார்.